ஒரு முகமும் தவறக்கூடாது

பலெர்மோவில் தமிழ் வீட்டுக் கொண்டாட்டங்களுக்கு வீடியோ எடுக்கிறவன் நான். கிழமை நாட்களில் பகேரியாவில் வயதுபோன ஒரு இத்தாலிக்கார சிஞ்ஞோராவின் வீட்டைத் துடைக்கிறேன், அவவுக்குச் சமைக்கிறேன், நேரத்துக்கு மருந்து கொடுக்கிறேன். சனி ஞாயிறு வந்தால் கமெராவைத் தூக்கிக்கொண்டு முதல் நன்மை, சாமத்திய வீடு, கலியாணம், செத்தவீடு என்று ஓடுகிறேன். எனக்குச் சோறு போடுவது சிஞ்ஞோராதான். என்னை மனிசனாக வைத்திருப்பது கமெரா.

எங்கள் சனத்துக்கு வீடியோ எடுப்பதில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. வந்தவர்களில் ஒரு முகமும் தவறக்கூடாது. தாலி கட்டுகிற இடத்தில் படம் கொஞ்சம் ஆடியிருந்தாலும் மன்னித்துவிடுவார்கள். மூன்றாம் வரிசையில் இருந்து வடை தின்ற மாமியின் முகம் வராவிட்டால் துலைஞ்சுது. கனடாவிலிருந்து போன் வரும். "ஏன், எங்கடை அக்கா சபைக்கு வரேல்லையோ? வந்தவ எண்டல்லோ சொன்னவ?" பிறகு அந்த அக்கா ஆறு மாதம் என்னைக் கோயிலில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவா. அதனால் முதல் வரிசையின் முதல் கதிரையில் தொடங்கி, கடைசிக் கதிரை மட்டும் ஒவ்வொருவராகத்தான் போவேன். அளவு, ஒரு முகத்துக்கு ஒரு மூச்சு. இழுத்து விட்டதும் அடுத்த முகம். பெண்கள் தலைமயிரைச் சரிசெய்வார்கள், ஆண்கள் கோர்ட்டுக்கு வந்தவர்கள் மாதிரி விறைத்துப்போய் இருப்பார்கள். படம் எடுக்கப் படித்தவர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவர்களுடைய மாமியா கோவிக்கப்போகிறா?

இன்னொரு வேலையும் எனக்குத் தெரியும். வெட்டுகிறது. கலியாணம் முடிந்து இரண்டு வருசத்தில் குடும்பத்துக்குள் சண்டை வரும். "தம்பி, சின்னத்தான் வாற இடமெல்லாம் எடுத்துப்போடு, இப்ப கதை பேச்சில்லை" என்று வந்து நிற்பார்கள். எடுத்துவிடுவேன். ஒருமுறை ஒரு பிள்ளை, மாப்பிள்ளையையே வெட்டித் தரச்சொல்லிக் கேட்டாள். தாயும் தானும் கூறைச்சீலையும் மட்டும் இருந்தால் போதுமாம். பொம்பிளை தனியே நின்று சிரிக்கிற கலியாண வீடியோவை இந்த உலகத்தில் நான் ஒருவன்தான் செய்திருப்பேன். செய்து கொடுத்துவிட்டு வந்து மனைவியிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அந்த ஆள் எங்கை போனாலும் போகட்டும், நிண்டவர் நிண்டவர்தானே" என்றாள்.

அப்படியிருக்கத்தான் இன்னொரு பிள்ளை என்னைத் தேடி வந்தாள். அவளுடைய முதல் நன்மைக்கு வீடியோ எடுத்தவன் நான். வெள்ளை முக்காடு வழுகி விழுந்துவிட்டதென்று பீடத்தின் முன்னால் நின்று அழுத பிள்ளை. இப்போது வடக்கே போய்ப் படம் எடுக்கப் படித்துவிட்டு வந்திருக்கிறாள். சிசிலிக்காரரின் இழுவையோடு இத்தாலி கதைப்பாள், அதே இழுவையோடு தமிழும் கதைப்பாள். ஒரு ஆவணப்படம் எடுப்பதாகச் சொன்னாள். சர்வாதிகாரம் போன பிறகு சனம் எதை ஞாபகம் வைத்திருக்கிறது, எதை மறந்ததுபோல் இருக்கிறது என்பதுதான் படமாம். பாசிசக் கட்சியின் கறுப்புச் சட்டைக்காரர் ஆண்ட காலத்தைக் கண்ட கிழவர் கிழவிகளைப் பலெர்மோ முழுக்கத் தேடிக்கொண்டிருந்தாள். என் சிஞ்ஞோராவிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன்.

சிஞ்ஞோராவின் சாலையில், ஆட்கள் வந்து இருக்கிற முன்னறையில், பியானோவுக்கு மேலே, சுவரில் ஒரு சதுரம் மட்டும் வெளிறிப்போய் இருக்கும். படம் கழற்றின இடம். பிள்ளை கமெராவை அதன் பக்கம் திருப்பி, "இங்கே யாருடைய படம் இருந்தது, சிஞ்ஞோரா?" என்று கேட்டாள். கிழவி சுவரைப் பார்க்காமலே, "ஈரம், மகளே. பழைய வீடு, ஈரம் பிடிக்கும்" என்றா. பிறகு எங்களுக்கு பிஸ்கற் எடுத்துவரச்சொல்லி என்னை உள்ளே அனுப்பினா.

திரும்பி வருகிற ரயிலில் பிள்ளை சொன்னாள், "எல்லாரும் இப்பிடித்தான் அங்கிள். எங்கடை அப்பா எதிர்த்தவர், எங்கடை வீட்டில ஒருத்தரும் அதில இல்லை எண்டுதான் சொல்லுகினம். அப்ப அந்தக் கறுப்புச் சட்டையெல்லாம் ஆர் போட்டது?"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எங்கடை ஆக்களும் அப்பிடித்தானே?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. "நீ இஞ்சை பிறந்தனீ. உனக்கென்ன தெரியும்? எங்களை அழிச்சது அரசாங்கம்."

"ஓம் அங்கிள், அது தெரியும். அதைப் பற்றிக் கதைக்க எல்லாரும் வருகினம். அவை கதைக்காததைத்தான் நான் கேக்கிறன். இயக்கம் ஆண்ட இடத்தில இயக்கத்துக்குப் பயந்த சனம் ஒண்டும் இருக்கேல்லையோ?"

என் அண்ணா இயக்கத்தில் இருந்து களத்தில் செத்தவர். எங்கள் வீட்டுச் சாலையில் சீருடையோடு சிரித்தபடி படமாக இருக்கிறார். ஒவ்வொரு வருசமும் கோயில் பங்கு மண்டபத்தில் போரில் செத்தவர்களுக்கு நினைவு நாள் வைக்கும்போது முதல் படியில் அவருடைய படம்தான் இருக்கும். அதற்கு மாலை கட்டுகிறவள் என் மனைவி. பல்லாரோ சந்தையில் விடியவே போய்ப் பூ வாங்கி, மடியில் போட்டுக்கொண்டு அவளேதான் கட்டுவாள். என்னைத் தொடவிடமாட்டாள்.

அண்ணாவின் குரலும் என்னிடம் இருக்கிறது. மன்னார்ப் பக்கம் இயக்கப் பொறுப்பில் இரண்டு வருசம் நின்றுவிட்டு அவர் ஊருக்கு வந்த கிழமையில்தான் எங்கள் அக்காவின் கலியாணம். அந்த வீடியோவில் அண்ணா கொஞ்ச நேரம் வருகிறார், ஒரு வரி கதைக்கிறார். பழைய கசெற்றைக் கொம்பியூட்டருக்கு மாற்றிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அவருடைய நினைவு வருகிற நாட்களில் போட்டுப் பார்ப்பேன். நான் அதைப் போட்டால் மனைவி எழும்பிக் குசினிக்குப் போய்விடுவாள், தண்ணிக் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். ஓய்வில்லாத மனிசி என்று நினைத்துக்கொள்வேன்.

கோபம் இருந்தாலும் பிள்ளை நினைவு நாளை எடுக்கவேண்டும் என்று கேட்டபோது நான் மறுக்கவில்லை. அண்ணாவின் படம் ஒரு பெரிய திரையில் வரும் என்கிற ஆசைதான். இரண்டாவது கமெரா எனக்கு. அவள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: "அங்கிள், கமெராவை ஸ்ராண்டில பூட்டி, படங்களைப் பாத்தபடி விடுங்கோ. அமைதி வணக்கம் முடியுமட்டும் தொடக்கூடாது. அசையக்கூடாது. பிளீஸ்."

ஓம் என்றேன். மனதார ஓம் என்றுதான் சொன்னேன்.

ஸ்ரேசனுக்குப் பின்னால் இருக்கிற பங்கு மண்டபம் அன்று நிறைந்துவிட்டது. சிவப்புத் துணி விரித்த படிகளில் அவரவர் வீட்டுப் படத்தைக் கொண்டுவந்து வைத்து மெழுகுதிரி கொளுத்தினார்கள். நான் கமெராவைப் பூட்டினேன். மணி அடித்தார்கள், சனம் தலையைக் குனிந்தது. என் கை என்னைக் கேட்கவில்லை. இவ்வளவு சனம் வந்து நிற்கிறது, ஒருவரையும் எடுக்காமல் நான் என்னத்துக்கு இங்கே நிற்கிறேன்? ஸ்ராண்டிலிருந்து கமெராவைக் கழற்றினேன். முதல் வரிசை, முதல் முகம். ஒரு மூச்சு. அடுத்த முகம். மணி திரும்ப அடிக்கும்போது கடைசி வரிசையையும் தாண்டிச் சுவரோடு நின்றவர்களையும் எடுத்து முடித்திருந்தேன். மண்டபத்தின் அந்தப் பக்கம் நின்ற பிள்ளை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, தாயே!

மற்றக் கிழமை, வியா மக்வேதா தெருவில் மூன்றாம் மாடியில் இருக்கிற அவளுடைய அறைக்குப் போனேன். பின்னேர நேரம், கீழே கடைகளின் இரைச்சல். தேத்தண்ணி தராமலே தொடங்கினாள். "சாமத்திய வீடோ அங்கிள் இது? நான் அசைய வேண்டாம் எண்டு எத்தினை தரம் சொன்னனான்?"

"சனம் கேக்கும் பிள்ளை."

"ஆர் கேப்பினம்? செத்தவையோ?"

நான் எடுத்ததை ஓடவிட்டாள். முகம், முகம், முகம். கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய கோபம் இறங்கியது. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு பார்த்தாள். அழுகிறவர்கள், கொட்டாவி விடுகிறவர்கள், கண்ணை மூடாமல் படிகளையே வெறித்துப் பார்க்கிறவர்கள். கடைசியில் படத்தை நிறுத்தி, பின்னுக்கு ஓட்டி, திரும்ப நிறுத்தினாள்.

"அங்கிள், இது அன்ரி தானே?"

மண்டபத்தின் பின்தூணுக்கு அப்பால், யன்னலோடு ஒட்டிக்கொண்டு, சனத்துக்கு முதுகைக் காட்டியபடி என் மனைவி நின்றாள். முழங்கால் நோகிறது, சுவரோடு சாய்ந்து நிற்கிறேன் என்று எனக்குச் சொல்லியிருந்தாள். யன்னல் விளிம்பில் ஏதோ ஒன்றை நிறுத்தி வைத்திருந்தாள். சின்னது, அடையாள அட்டைக்கு எடுக்கிற படத்தின் அளவு. காற்றுக்கு விழாமல் ஒரு கையால் மறைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தின் ஓரம் மட்டும் தெரிந்தது. செபம் சொல்கிற மாதிரிச் சொண்டு அசைந்துகொண்டிருந்தது. மணி அடித்ததும் அதை எடுத்துக் கைப்பைக்குள் வைத்து, பையின் வாயைப் பூட்டினாள். நானே எடுத்த படம், நானே காணவில்லை. சொந்த மனிசிதானே என்று அவளுக்கு அரை மூச்சோடு தாண்டிப் போயிருக்கிறேன்.

பிள்ளை பெரிதாக்கிப் பார்த்தாள். யன்னல் வெளிச்சத்தில் அந்தப் படம் வெறும் வெள்ளையாகத்தான் தெரிந்தது. முகம் இல்லை.

வீட்டுக்குப் போய் நான் ஒன்றும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? இத்தனை வருசம் ஒரே பானைச் சோறு தின்ற மனிசியிடம், உன் கைப்பைக்குள் யார் என்று கேட்கவேண்டியிருக்கிறது. அந்தப் பை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். அதைத் தாண்டித்தான் நான் ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகவேண்டும். பையைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. ஆனால் வீட்டுக்குள் மூன்றாவது ஆள் ஒருவர் இருப்பது தெரிந்துவிட்டது. சாப்பிடும்போது, அவள் பஸ்ஸுக்குக் காசு எடுக்கும்போது, கோயிலில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கும்போது, அவரும் அங்கே இருந்தார்.

ஒரு நாள் அவள் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருக்கும்போது கேட்டுவிட்டேன். "இஞ்சரும், அண்டைக்குத் தூணுக்குப் பின்னாலை ஆற்றை படம் வைச்சனீர்?"

முறித்துக்கொண்டிருந்த கை நின்றது. நான் எதிர்பார்த்த மாதிரி அவள் மறுக்கவில்லை, அழவுமில்லை. "தம்பியின்ரை" என்றாள்.

தம்பி ஒருவன் இருந்தது எனக்குத் தெரியும். ஆமி பிடித்துக்கொண்டு போய்க் காணாமல் போனவன் என்று கலியாணப் பேச்சுக்கால் நடந்தபோதே சொல்லியிருந்தார்கள். "காணாமல் போனவர்தானே? அப்ப முன்னுக்கு வைச்சிருக்கலாமே?" என்றேன், விசரன் மாதிரி.

"ஆமி பிடிக்கேல்லை. எங்கடை இயக்கப் பெடியள் வந்துதான் கூட்டிக்கொண்டு போனவை."

மன்னாரில், அவர்களுடைய ஊரில், ஒரு சைக்கிள் கடை வைத்திருந்தானாம். சோதனைச் சாவடியில் நிற்கிற ஆமிக்காரன் ஒருவனின் சைக்கிளுக்கு ஒட்டுப்போட்டுக் கொடுத்தானாம், வேறு வழியில்லாமல். யாரோ போய்ச் சொல்லிவிட்டார்கள். ஒரு நாள் மைம்மல் இருட்டுக்குள் வந்தார்கள். முகத்தைத் துணியால் கட்டியிருந்தார்கள். அதில் ஒருவர் மட்டும் கதைத்திருக்கிறார். தாயைப் பார்த்து, "அம்மா, பயப்பிடாதேங்கோ, விசாரிச்சுப்போட்டு விடுவம்" என்று மரியாதையாகச் சொன்னாராம். விடிய, சந்தியில் கம்பத்தில் கட்டிக் கிடந்தான். கழுத்தில் துரோகி என்று மட்டை.

"அம்மா சீலைத் தலைப்பை வாய்க்குள்ள அடைஞ்சுகொண்டுதான் அழுதவ. சத்தம் வெளியாலை போனா அதுவும் குற்றம். சுவாமியார் பின்பக்கத்தாலை வந்து செபிச்சுப்போட்டுப் போனவர். செத்தவீடு எண்டா சனம் வரவேணும் என்னப்பா. ஒரு முகமும் வரேல்லை. பக்கத்து வீட்டுக்காரர் யன்னலைப் பூட்டினவை. நாங்கள் நாலுபேர்தான் தூக்கினது."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அவள் சாலைப் பக்கம் பார்த்தாள். அங்கே அண்ணா சிரித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது?" என்றாள்.

பிறகு பயித்தங்காயைக் கையில் எடுத்தாள். "அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லுங்கோ, அந்தத் துண்டை எடுத்துப்போடச்சொல்லி. இல்லாட்டி நீங்களே வெட்டிப்போடுங்கோ. உங்களுக்குத் தெரிஞ்ச வேலைதானே."

நான் பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். "படத்தில எனக்கு வேண்டியது அந்தத் துண்டுதான் அங்கிள்" என்று கண் கலங்கச் சொன்னாள். ஆனால் அன்ரியின் விருப்பம்தான் விருப்பம், அன்ரி சொன்னபடி வெட்டிவிடுவேன் என்றாள். அத்தோடு அந்தக் கதை முடிந்திருக்கும். முடியவிடாமல் செய்தவர் நினைவு நாளை ஒழுங்கு செய்கிற குழுவின் தலைவர்.

பிள்ளை அவரையும் பேட்டி எடுக்கப் போயிருக்கிறாள். ஒரு பொம்பிளை தூணுக்குப் பின்னால் நின்று படம் வைக்கவேண்டி வந்தது ஏன் என்று, ஆள் யாரென்று சொல்லாமல், கேட்டிருக்கிறாள். மனிசன் அடுத்த ஞாயிறு பூசை முடிந்த கையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். என்னைவிட மூத்தவர், எங்கள் பெர்மெசோ விசா அலுவல்களுக்குக் குவெஸ்தூராப் பொலிஸ் வாசலில் எங்களோடு விடியக்காலையில் வரிசையில் நின்றவர். கெட்ட மனிசன் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"தம்பி, எங்கடை ஒற்றுமைதான் எங்களிட்டை மிச்சம் இருக்கிறது. உந்தப் பிள்ளை அதைக் கொண்டுபோய் வெள்ளைக்காரருக்கு முன்னாலை கிழிக்கப்போறாள். ஆரோ ஒரு பொம்பிளை, ஆற்றையோ படத்தைக் கள்ளமா வைச்சிருக்கிறா. துரோகியளின்ரை படம் எங்கடை பிள்ளையளோட ஒரு கூரைக்குக் கீழ இருக்கேலாது. உங்கடை அண்ணா இருக்கிற இடம் அது. நீர்தான் வீடியோக்காரன். நைசா அதை வெட்டிவிடும்."

மனைவி தேத்தண்ணித் தட்டோடு வந்து நின்றாள். அவருக்கு முன்னால் கோப்பையை வைத்தாள். சீனி போட்டாள், கலக்கினாள். கரண்டியை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, "அது நான்தான் அண்ணை" என்றாள்.

அவருக்கு விளங்கவில்லை.

"அந்தப் பொம்பிளை நான்தான். படம் என்ரை தம்பியின்ரை. கள்ளமா வைச்சதுதான் பிழை, இனி வடிவா வைக்கிறன். குடியுங்கோ, ஆறப்போகுது."

மனிசன் என்னைப் பார்த்தார், சுவரிலிருந்த அண்ணாவைப் பார்த்தார். தேத்தண்ணியை அரைவாசி குடித்தார். "நான் வாறன்" என்று எழும்பிப் போனார். கீழ்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"வெட்டச் சொன்னனீர்" என்றேன்.

"நான் சொல்லலாம். அவர் சொல்லேலாது." அவர் மிச்சம் விட்ட கோப்பையைத் தட்டில் எடுத்து வைத்தாள். "இஞ்சருங்கோ, அந்தப் படத்தில தம்பியின்ரை முகம் தெரியுதோ?"

"இல்லை. வெள்ளையாத்தான் தெரியுது."

"அப்ப என்னத்துக்கு? முகம் வரவேணும். நீங்கள் எடுங்கோ."

ஆணியில் தொங்கிய பையை அவளே எடுத்துத் திறந்தாள். குசினி மேசையை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியாலும் துடைத்து, அந்தப் படத்தை உப்புப் போத்தலில் சாய்த்து நிறுத்தினாள். பல்கனிக் கதவைத் திறந்துவிட்டாள். நான் ஸ்ராண்டைப் பூட்டினேன். இம்முறை கழற்றவில்லை. கமெராவுக்குள் முதன்முதலாக என் மச்சானைக் கண்டேன். காது கொஞ்சம் பெரிது. மேல் பட்டன் பூட்டியிருந்தது. சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் இருக்கிற முகம். ஒரு மூச்சு முடிந்தது. நான் நிறுத்தவில்லை. வராத சனம் எல்லாருக்கும் சேர்த்து விட்டுக்கொண்டே இருந்தேன். மனைவி பக்கத்தில் நின்று, "காணும், காணும்" என்று சொல்லிக்கொண்டு அழுதாள். சத்தமாகத்தான் அழுதாள். பக்கத்து வீட்டு சிஞ்ஞோரா பல்கனிக்கு வந்து எட்டிப் பார்த்தா.

அந்த அழுகையின் நடுவில்தான் எனக்கு அது வந்து குந்தியது. முன்னமே எங்கேயோ நின்றதுதான், நான்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். தம்பி போன வருசத்தை அவள் சொல்லியிருந்தாள். அந்த வருசம் அண்ணாவும் அதே மன்னார்ப் பக்கம்தான் பொறுப்பில் நின்றார்.

பிள்ளையின் படத்தைக் காட்டப் பங்கு மண்டபம் கிடைக்கவில்லை. மக்வேதாவுக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு சின்னத் தியேட்டரில் காட்டினார்கள். போகவேண்டாம் என்று குழு சொல்லிவைத்திருந்தும் எங்கள் சனம் வந்துவிட்டது. வராமல் இருக்குமா, எல்லாருடைய முகமும் அதில் இருக்கிறதல்லவா! முதலில் சிஞ்ஞோராவின் சுவர் வந்தது. ஈரம், மகளே என்று கிழவி சொன்னபோது இத்தாலியர்கள் மெல்லச் சிரித்தார்கள். பிறகு எங்கள் மண்டபம், வரிசை வரிசையாக நாங்கள். அண்ணா வந்தார். தூணுக்குப் பின்னால் மனைவியின் முதுகு வந்தது, அந்த வெள்ளை வந்தது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லாமல், பெயரும் இல்லாமல், மேசையில் சாய்ந்து நிற்கிற மச்சான். திரை முழுக்க. முன்னால் ஒரு கதிரை மடங்குகிற சத்தம் கேட்டது, தலைவர் வெளியே போனார். வேறு ஒருவரும் அசையவில்லை.

வழமையாக வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டு, தன் முகம் கொஞ்ச நேரம்தான் வந்தது என்று சண்டை பிடிப்பார்கள். அன்று ஒருவரும் என்னிடம் வரவில்லை. எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். வீட்டு வேலைக்குப் போகிற ஒரு அக்கா மட்டும், கோட்டைப் போட்டபடியே மனைவியின் பக்கத்தில் வந்து, "எந்த வருசம்?" என்று கேட்டா. மனைவி சொன்னாள். "எங்கடையும் அந்த நேரந்தான்" என்றுவிட்டு, புருசன் பார்க்கமுன் விறுவிறென்று நடந்து போய்விட்டா. அதன் பிறகு எனக்கு ஒரு கலியாணமும் வரவில்லை. வேறு ஒருவரைப் பிடித்துவிட்டார்கள்.

அது போகட்டும். என்னால் தாங்க முடியாதது எங்கள் சாலையில் இருந்தது. மனைவி தம்பியின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு அண்ணாவுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாள். இரண்டு பேரும் ஒரே சுவரில் இருந்து என்னைப் பார்த்தார்கள். நான் அண்ணாவைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். விளக்குப் போடாமல் நடந்துபோனேன். சிஞ்ஞோரா வீட்டில் அந்த வெளிறின சதுரத்தைத் துடைக்கும்போது கை ஓடவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானம், சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டேன். "இஞ்சரும், அண்டைக்கு வந்தவையளை உமக்குத் தெரியுமோ?"

"முகம் கட்டியிருந்தவை எண்டு சொன்னனான்தானே."

"அந்தக் கதைச்சவர். குரலை இப்ப கேட்டாத் தெரியுமோ?"

"எப்ப கேட்டாலும் தெரியும்" என்றாள். சொல்லிவிட்டுத்தான் என் முகத்தைப் பார்த்தாள். நான் ஏன் கேட்கிறேன் என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அவளுக்கு அது எப்போதோ விளங்கியிருக்க வேண்டும். நான் அந்த வீடியோவைப் போடும்போதெல்லாம் குசினியில் தண்ணி ஓடியது எனக்கு இப்போதுதான் கேட்டது.

"போடுங்கோ" என்றாள்.

"வேண்டாம்."

"போடுங்கோ என்னப்பா. எத்தினை வருசத்துக்கு நானும் ஓடுறது?"

கொம்பியூட்டரை மேசையில் வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு எனக்குப் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். அக்காவின் கலியாணப் பந்தல், ஜெனறேற்றர் இரைகிற சத்தம். அந்தக் காலத்து வீடியோக்காரரும் என்னைப்போலத்தான், முதல் வரிசையில் தொடங்கி ஒவ்வொரு முகமாக வருகிறார். எனக்கு ஒவ்வொரு முகமும் பாடம். அம்மா, பெரியம்மா, வெற்றிலைத் தட்டத்தோடு மாமா. அதற்கு அடுத்தது அண்ணா. அவர் கையை நீட்டிக் கமெராவை மறைப்பார், மறைத்துக்கொண்டு, "அண்ணை, என்னை எடுக்காதேங்கோ, அங்காலை மாப்பிள்ளை பொம்பிளையை எடுங்கோ" என்று சிரித்தபடி சொல்வார். என்னிடம் இருக்கிற அண்ணாவின் குரல் அவ்வளவுதான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாவின் கை வந்து திரையை மறைத்தது.

"இல்லை" என்றாள் மனைவி. "இவரில்லை. நிப்பாட்டுங்கோ."

நான் நிறுத்தினேன். அவள் எழும்பிப் போய், சந்தையில் வாங்கி வைத்த பூப் பையை எடுத்துவந்து, நிலத்தில் இருந்து, அண்ணாவுக்கும் தம்பிக்கும் கட்டுகிற இரண்டு மாலைகளுக்கும் பூவைப் பிரித்துப் போட்டாள். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் இல்லை என்று சொன்னபோது அண்ணா, 'அண்ணை' என்கிற ஒரு சொல்லைத்தான் சொல்லி முடித்திருந்தார்.